சுத்தம் செய்து மாட்டிய பிறகு லேப்டாப் முன்னைவிடச் சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே லேப்டாப்பைக் கழற்றித் தூசி எடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், புக்கிட் பிந்தாங் நெரிசலில் பார்க்கிங் தேடி, காத்திருந்து வாங்கி வருவதற்குப் பதில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பிரஷ்ஷும் போதும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் மாட்டி ஆன் செய்த பிறகு, “முன்னைவிட அதிகமாச் சூடாகுது” என்று செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். பதற்றத்தில் உடனே திரும்பக் கழற்றாதீர்கள். முதல் நான்கு பதில்களைப் படித்து, அளந்து பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். எங்கே கோளாறு என்று தெரியாமல் நான்கைந்து முறை திறந்து மூடினால் ரிப்பன் வயரும் ஸ்க்ரூ மரையும்தான் கெடும்.

1. அண்ணே, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. தூசி எடுத்தா சூடு குறையணும்தானே, எப்படிக் கூடும்?

தூசி எடுத்ததால் சூடு கூடாது. தூசி எடுக்க, லேப்டாப்பின் மூளையான சிப்பின்மேல் (சிபியு) உட்கார்ந்து அதன் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் ஹீட்சிங்க் என்ற செப்புப் பாகத்தைத் தூக்கியிருப்பீர்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. சிப்பின் முகமும் ஹீட்சிங்கின் செப்பு முகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் வெப்பம் தாண்டிப் போகாது. அதை நிரப்பத்தான் நடுவில் தெர்மல் பேஸ்ட் பூசுகிறார்கள். சாதாரணப் பேஸ்ட்கூடக் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

தொழிற்சாலையில் பூசிய பேஸ்ட் காய்ந்து போயிருந்தாலும் அசையாமல் இருந்தவரை ஏதோ ஓரளவு வேலை செய்துகொண்டிருக்கும். ஹீட்சிங்கை ஒருமுறை தூக்கிவிட்டால் அந்தப் படலம் கிழிந்துவிடும். அதையே திரும்ப வைத்து அழுத்தினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். எனவே ஹீட்சிங்கைத் தூக்கினால் பழைய பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துப் புதிது போட்டே ஆக வேண்டும். “கொஞ்சம்தான் தூக்கினேன்” என்பதற்கும் இதே பதில்தான்.

ஹீட்சிங்கைத் தொடவே இல்லை, மூடியைத் திறந்து ஊதியதோடு சரி என்றால் விசிறியின் பக்கம் பாருங்கள். 5, 6 ஆகிய கேள்விகளுக்குப் போங்கள்.

2. எத்தனை டிகிரி இருந்தா நார்மல்? வீடியோவுல 40ங்கறாங்க, எனக்குச் சும்மா இருக்கும்போதே 55 காட்டுது.

அந்த வீடியோ எடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பாருங்கள். சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். 21 டிகிரி அறையில் 40 காட்டும் அதே லேப்டாப், கோலாலம்பூரில் மத்தியானம் 32 டிகிரி அடிக்கும்போது ஏர்கோன் இல்லாத அறையில் 50ஐத் தாண்டும். அது கோளாறு இல்லை.

நம் ஊரில், வேலை எதுவும் ஓடாதபோது 45 முதல் 60 வரை இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு புரோகிராமைத் திறக்கும்போது சட்டென்று 75க்குப் போய் இறங்குவதும் சாதாரணம். கேம், வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலையில் மெல்லிய லேப்டாப்கள் 80, 90 வரை போகும். இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். சின்ன வேலைக்கே வரம்பைத் தொடுகிறது என்றால்தான் பிரச்சினை.

ஒப்பிடும்போது அதே அறையில், ஏறக்குறைய அதே நேரத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். ராத்திரி ஏர்கோனில் எடுத்ததையும் மத்தியானம் ஹாலில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது.

3. எதை வெச்சு அளக்கிறது? கையை வெச்சா அடிப்பக்கம் அவ்வளவு சூடாவே இல்லையே.

விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருள் போதும். திறக்கும்போது சென்சார் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியல் நீளமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். சிபியு பேக்கேஜ் வெப்பநிலை, சிபியு எத்தனை வாட் எடுக்கிறது, தெர்மல் திராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) என்ற வரியில் ஆமா இல்லையா என்பது, விசிறியின் சுழற்சி, இவ்வளவு பார்த்தால் போதும். விசிறியின் சுழற்சி எல்லா மாடலிலும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக விசிறி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

அளப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பல நாள் அணைத்து வைத்திருந்த லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் சேர்ந்து ஓடும். அரை மணி நேரம் விட்டுப் பிடியுங்கள்.

அடிப்பக்கம் சூடாக இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. சிப் 98 காட்டும்போது அடிப்பக்கமும் வெளிக்காற்றும் குளிர்ச்சியாக இருந்தால், உள்ளே உண்டாகும் வெப்பம் ஹீட்சிங்குக்கு வந்து சேரவே இல்லை. அடுத்த பதில் இதைப் பற்றியதுதான்.

4. திரும்பக் கழட்டாமலே எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

லேப்டாப்பை மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்ச் மாதிரி ஏதாவது கனமான சோதனையை ஓட விடுங்கள். முதல் ஐந்து விநாடி கண்ணை எடுக்காதீர்கள். 50இல் இருந்தது ஒன்றிரண்டு விநாடியில் 95க்கு எகிறி, சோதனையை நிறுத்தியதும் அதே வேகத்தில் 60க்கு விழுந்தால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. பேஸ்ட், ஸ்க்ரூ, தெர்மல் பேட் (ரப்பர் மாதிரி இருக்கும் துண்டு, 10ஆம் பதிலில் வரும்) இவற்றில் ஒன்று. ஹீட்சிங்க் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அந்தச் செம்பு முழுவதும் சூடேற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மாறாக 75 வரை சீக்கிரம் போய், அங்கிருந்து ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாக 95க்கு ஏறி, நிறுத்திய பிறகும் இறங்கத் தாமதமானால், தொடர்பு நன்றாகத்தான் இருக்கிறது. வெப்பம் வெளியே போக வழியில்லை. விசிறியையும் காற்று போகும் பாதையையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் சிப்கள் டர்போ எனும் உச்ச வேகத்தில் முதல் சில விநாடிகள் நிறைய வாட் எடுக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள மெல்லிய லேப்டாப்பே 90ஐத் தொட்டுவிட்டு இறங்கலாம். எனவே வாட்டையும் பாருங்கள். 45 வாட் எடுக்கக்கூடிய சிப் வெறும் 12 வாட்டிலேயே 98 காட்டினால் தொடர்புக் கோளாறு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

கூடவே காற்று வெளியே வரும் துவாரத்தில் கையை வையுங்கள். காற்று பலமாக, சுடச்சுட வந்தால் ஹீட்சிங்க் தன் வேலையைச் செய்கிறது. பலமாக, ஆனால் சில்லென்று வந்து சிப் மட்டும் கொதித்தால் தொடர்புக் கோளாறு. சூடாக, ஆனால் முனகுவதுபோல வந்தால் அடைப்பு. காற்றே இல்லை என்றால் விசிறி.

5. ஆன் பண்ணதும் ஃபேன் எர்ரர்னு வருது. இல்லாட்டி சத்தமே இல்லாம இருக்கு. ஃபேன் போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. கனெக்டர் முழுதாக உள்ளே போகவில்லை. எச்பியில் 90பி என்ற எண்ணும் திங்க்பேடில் ஃபேன் எர்ரர் என்ற வரியும் வருவது விசிறி சுழல்வதாகத் தகவல் வராதபோதுதான். இந்தக் கனெக்டர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மேலே வைத்து அழுத்தினால் உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனால் அரைகுறையாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் உள்ளே தள்ள வேண்டிய வகையா, மேலிருந்து அழுத்த வேண்டிய வகையா என்று பார்த்து, இரண்டு ஓரத்தையும் நகத்தால் மெதுவாகத் தள்ளுங்கள். வயரைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை சார்ஜரை எடுத்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதைக் குத்தாமல், வளைக்காமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கனெக்டர் சரியாக இருந்தும் சுழலவில்லை என்றால் விசிறியின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். வைஃபை ஆன்டெனாவின் கறுப்பு வெள்ளை வயர்கள் தம் வழித்தடத்திலிருந்து நழுவி இறக்கைக்குள் மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். இரண்டு விசிறி உள்ள கேமிங் லேப்டாப் என்றால் இரண்டின் கனெக்டரும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறினால் சிபியு சூடாகும்போது மற்ற விசிறி வேகமெடுக்கும்.

6. ஃபேன் நல்லாச் சுத்துது தம்பி, ஆனா காத்து வர மாட்டேங்குது. நான் சுத்தமா ஊதிட்டேனே.

ஊதினால் விசிறிமேல் உள்ள தூசி போகும். ஆனால் விசிறிக்கும் வெளித்துவாரத்துக்கும் நடுவே நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அவற்றின் உள்பக்கத்தில், விசிறியைப் பார்த்த முகத்தில்தான் தூசி கம்பளித் துணிபோலப் படிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளிச்சென்று தெரியும். வெளியிலிருந்து ஊதினால் அந்தத் துணி கொஞ்சம் நகர்ந்து திரும்ப அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விசிறியின் மூடியைக் கழற்றி, அந்தத் தூசித் துணியை இடுக்கியால் அப்படியே உரித்தெடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமான காற்றில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

நம் வீடுகளில் இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறையிலும், தாளிப்புப் புகை எட்டும் ஹாலிலும் இருக்கும் லேப்டாப்பில் தூசி உலர்ந்து இருக்காது, பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். பிரஷ்ஷுக்கு வராது. ஹீட்சிங்கைத் தனியாகக் கழற்றியிருந்தால் மட்டும் தகடுகளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். பல லேப்டாப்களில் விசிறியின் வாய்க்கும் தகடுகளுக்கும் இடையிலான இடுக்கை ஒரு கறுப்பு டேப் மூடியிருக்கும். கழற்றும்போது அது கிழியும், அல்லது தேவையில்லாத டேப் என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள். அது இல்லாவிட்டால் காற்று தகடுகளுக்குள் போகாமல் இடுக்கு வழியாக உள்ளேயே சுற்றும். சூடு தாங்கும் காப்டன் டேப்பை அளவாக வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும். விசிறியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டைகளும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கின்றன, அவற்றையும் பிய்க்காதீர்கள்.

7. பேஸ்ட் எவ்வளவு போடணும்? நிறையப் போட்டா நல்லதா?

லேப்டாப் சிப் மூடியில்லாத வெறும் சிலிக்கான். அதன் பளபளக்கும் முகம் முழுவதும் மெல்லியதாக மூடினால் போதும். சின்ன அட்டையால் தடவியும் விடலாம், நடுவில் கோடு போட்டு ஹீட்சிங்கின் அழுத்தத்தில் பரவவும் விடலாம். நீளமான சிப்பில் ஒரு பொட்டு மட்டும் வைத்தால் ஓரங்களுக்குப் போகாது. கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கி வழியும், மின்சாரம் கடத்தாத பேஸ்ட் என்றால் அதனால் கெடுதல் இல்லை. குறைவாகப் போட்டு ஒரு மூலை காய்ந்திருப்பதுதான் ஆபத்து.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் நல்லது. புடு ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். ஃபார்மசியில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் காயக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

8. வீட்ல பேஸ்ட் இல்ல. டூத்பேஸ்ட் போட்டா ஓடும்னு சொல்றாங்களே?

வேண்டாம். அதில் இருக்கும் ஈரம் போனதும் காய்ந்து பொடியாகிவிடும். நல்ல பேஸ்ட் வரும்வரை லேப்டாப்பை மூடி வையுங்கள்.

9. எல்லா ஸ்க்ரூவையும் நல்லா டைட்டாத்தான் போட்டேன். பேஸ்ட்டும் புதுசு. அப்படியும் 95.

எந்த வரிசையில் போட்டீர்கள்? ஹீட்சிங்கில் ஸ்க்ரூ அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில்தான் முடுக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் குறுக்காக, ஒரு மூலை முடிந்ததும் எதிர் மூலை. ஒரேயடியாக ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து பேஸ்ட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடும். முதல் சுற்றில் எல்லாவற்றையும் பிடிக்கும் அளவுக்கு மட்டும், அடுத்த சுற்றில் பாதி, கடைசிச் சுற்றில் நிற்கும்வரை. நின்ற பிறகு பலம் போடாதீர்கள். அழுத்தம் எவ்வளவு என்பதை அங்கிருக்கும் ஸ்பிரிங்கோ வளையும் தகடோ பார்த்துக்கொள்ளும்.

சாய்ந்திருக்கிறதா என்பதைச் சென்சாரிலும் பார்க்கலாம். சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி உழைக்கும்போது ஒன்று 95, இன்னொன்று 75 என்று பெரிய வித்தியாசம் நிலையாக இருந்தால் ஒரு பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. புதிய இன்டெல் சிப்களில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை உண்டு. ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஹீட்சிங்கை மாட்டி, முழுக்க முடுக்கி, ஆன் செய்யாமலே திரும்பக் கழற்றிப் பேஸ்ட் பதிந்த அச்சைப் பாருங்கள். சிப்பிலும் செம்பிலும் ஒரே மாதிரி மெல்லிய படலம் தெரிந்தால் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் வழித்த மாதிரி இருந்தால் சாய்வு. போட்ட பேஸ்ட் போட்டபடியே குவியலாக நின்றால் ஹீட்சிங்க் சிப்பைத் தொடவே இல்லை, ஏதோ ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. பார்த்த பிறகு துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் போடுங்கள்.

10. சிப்பைச் சுத்தி ரப்பர் மாதிரி துண்டுங்க ஒட்டியிருந்துச்சு. பிஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கி ஒட்டினேன். அதுல ஒண்ணும் தப்பில்லையே?

ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். அந்தத் துண்டுகள் தெர்மல் பேட். கிராபிக்ஸ் மெமரி, மின்சாரத்தைச் சீர்படுத்தும் சின்னச் சிப்கள் இவற்றின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கொண்டு போகின்றன. அவை 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று பல தடிமனில் வரும். ஒரே லேப்டாப்பில் இடத்துக்கு இடம் மாறும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் அந்தப் பேடின்மேல் ஏறி நின்றுவிடும். அரை மில்லிமீட்டர் இடைவெளியைப் பேஸ்ட் போட்டு நிரப்ப முடியாது. மெல்லியதாக வைத்தால் இதற்கு நேர்மாறு. சிபியு நன்றாக இருக்கும், மெமரி வெந்து போகும்.

பழைய பேடை எறியாதீர்கள். நடுப்பகுதி நசுங்கியிருக்கும். நசுங்காத ஓரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் உண்மையான தடிமன் தெரியும். உங்கள் மாடலின் பெயரோடு பேட் தடிமன் என்று தேடினால் சில மாடல்களுக்கு யாராவது அளந்து போட்டிருப்பார்கள். கெட்டியான பேடைவிட மென்மையானதை வாங்குங்கள். கால் மில்லிமீட்டர் அப்படி இப்படி இருந்தாலும் நசுங்கிக் கொடுக்கும்.

அப்புறம், புதுப் பேடின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். ஒரு பக்கம் உரித்து ஒட்டிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது சர்வசாதாரணம். படலம் நிறமில்லாமல் இருந்தால் கண்ணுக்கே தெரியாது, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

11. சிபியு 75தான் காட்டுது. ஆனா கேம் போட்டா அஞ்சு நிமிஷத்துல டப்புனு அணைஞ்சிடுது.

சிபியு மட்டும்தான் சூடாகும் என்றில்லை. கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவின் சூட்டையும், அதில் மிகச் சூடான இடத்தைக் காட்டும் ஹாட் ஸ்பாட் என்ற அளவையும் பாருங்கள். ஜிபியு 70, ஹாட் ஸ்பாட் 100 என்று இடைவெளி விரிந்தால் ஜிபியுமேல் ஹீட்சிங்க் சாய்ந்திருக்கிறது. பல லேப்டாப்களில் இரண்டு சிப்புக்கும் ஒரே ஹீட்சிங்க் என்பதால் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். 9ஆம் பதிலில் சொன்ன வரிசை இங்கேதான் மிக முக்கியம்.

இரண்டுமே சரியாக இருந்தால் மின்சாரத்தைச் சீர்படுத்தும் சிப்கள்மேல் பேட் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் வெப்பநிலை பெரும்பாலான லேப்டாப்களில் சென்சாரில் தெரியாது. அணைந்த பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும். அது “ஒழுங்காக மூடாமல் அணைந்தது” என்று மட்டும்தான் சொல்லும், சூட்டால்தான் என்று சொல்லாது. பேட்டரியோ சார்ஜரோ சரியாகப் பிடிக்காவிட்டாலும் கேமின் பாரம் ஏறும்போது இப்படி அணையும்.

12. இப்பச் சூடே இல்ல, ஆனா வேர்டு திறக்கவே ஒரு நிமிஷம் ஆகுது. சரியாகிடுச்சுன்னு வெச்சுக்கலாமா?

இல்லை. சிபியுவின் வேகத்தைப் பாருங்கள். எது செய்தாலும் 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது என்றால் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூடு வரம்பைத் தாண்டியதாக மதர்போர்டின் வேறு பகுதியிலிருந்து சிப்புக்குச் சமிக்ஞை போனாலும் சிப் இப்படி அடங்கிவிடும். மாட்டிய பிறகு இது வர முக்கியக் காரணம் மின்சாரம்தான். பேட்டரி கனெக்டர் பாதி உட்கார்ந்திருக்கும். அல்லது சார்ஜரை லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளாது. சில டெல் மாடல்களில் சார்ஜர் முனையின் நடு ஊசி சரியாகத் தொடாவிட்டாலே வேகம் குறைந்துவிடும்.

சார்ஜரை எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு மாட்டி, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் பேட்டரியும் சார்ஜரின் வாட்டும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

13. ஹீட்சிங்கைத் தூக்கினா பாதரசம் மாதிரி பளபளன்னு ஓடுச்சு. துடைச்சுட்டு சாதாப் பேஸ்ட் போடலாமா?

அது லிக்விட் மெட்டல், காலியம் கலந்த உலோகம். ஏசுஸ் ராக் வரிசையில் பல மாடல்களுக்குத் தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. மின்சாரம் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். அலுமினியத்தை அரித்துவிடும். சிப்பிலிருந்து வெளியே ஒரு துளிகூடச் சிதறவில்லை என்று நன்றாகத் தெரியும்வரை பேட்டரியை மாட்டவே வேண்டாம். இதில் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதுதான் என் யோசனை. முழுதாக எடுத்த பிறகு சாதாரணப் பேஸ்ட் போடலாம், சில டிகிரி கூடுதலாக ஓடும். செம்பில் வெள்ளிக் கறை நின்றால் அது போகாது, கெடுதலும் இல்லை.

14. கழட்டும்போது செம்புக் குழாய் லேசா வளைஞ்சுடுச்சு. திரும்ப நிமிர்த்திட்டேன். பரவாயில்லையா?

அந்தக் குழாய் உள்ளே வெறும் செம்பு இல்லை. காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர்மத்தை அடைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். லேசான வளைவு தாங்கும். மடிந்தாலோ விரிசல் விட்டாலோ அது வெறும் உலோகக் குச்சிதான்.

சோதிப்பது சுலபம். ஹீட்சிங்கைத் தனியாகக் கழற்றி, விசிறி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, சிப் தொடும் பக்கத்தை ஒரு குவளை வெந்நீரில் வைத்து மறுமுனையைப் பிடியுங்கள். நல்ல குழாய் என்றால் சில விநாடியில் கை சுடும். அரை நிமிடமாகியும் சுடவில்லை என்றால் குழாய் செத்துவிட்டது, ஹீட்சிங்கையே மாற்ற வேண்டும்.

15. ரெண்டு வாரம் ஜோரா ஓடுச்சு. இப்பத் திரும்பவும் 95. பேஸ்ட் இவ்வளவு சீக்கிரம் காயுமா?

காயவில்லை, வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. சிப் சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்போது நீர்த்த பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மூடியில்லாத லேப்டாப் சிப்பில் இது அதிகம். டெஸ்க்டாப்புக்குப் பிரமாதம் என்று பெயரெடுத்த சில பேஸ்ட்கள் லேப்டாப்பில் நிலைக்காததற்கு இதுதான் காரணம்.

கெட்டியான பேஸ்ட் போடுங்கள். அல்லது ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற உருமாறும் தாளை வாங்குங்கள். சிப்பின் அளவுக்கு வெட்டி வைத்தால் போதும். சுமார் 45 டிகிரியில் இளகிப் படிந்துகொள்ளும். சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் முழுப் பலன் தெரியும், முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நாள் முழுக்கச் சூடான அறையில் ஓடும் லேப்டாப்புக்கு என் தேர்வு இதுதான்.

16. எல்லாம் செஞ்சாச்சு, கைச்சோதனையும் சரி, பேஸ்ட் அச்சும் சரி. கேம்ல மட்டும் 93. இதுக்கு மேல என்ன செய்ய?

அப்படியானால் அது உங்கள் லேப்டாப்பின் வடிவமைப்பு. மெல்லிய உடலில் பெரிய சிப்பை வைத்தால் அப்படித்தான் ஓடும். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ நின்றுவிடும். வேகம் குறையும், சூடு நன்றாக இறங்கும். பாடம், டைப்பிங் மாதிரி வேலைக்கு இது தாராளம். அடியில் காற்று உறிஞ்சும் லேப்டாப்பைப் பின்பக்கம் இரண்டு விரல்கடை தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கூலிங் பேட் சில டிகிரி குறைக்கும், ஆனால் 4ஆம் பதிலில் சொன்ன தொடர்புக் கோளாற்றை அது சரிசெய்யாது. மெத்தைமேல் வைக்காதீர்கள்.

17. நான் கழட்டவே இல்ல. கடையில சர்வீஸ் குடுத்து வாங்கினதுலேருந்துதான் இப்படி. என்ன கேக்கறது?

4ஆம் பதிலில் உள்ள சோதனையைச் செய்து, சென்சார் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். “சூடாகுது” என்று மட்டும் சொன்னால் “நம்ம ஊரு வெயில்” என்று பதில் வரும். “ரெண்டு விநாடியில 97 போகுது, வெளியே வர்ற காத்து சில்லுனு இருக்கு, ஹீட்சிங்கைத் திரும்ப மாட்டித் தாங்க” என்றால் செய்பவருக்கு வேலை எங்கே என்று தெரியும். எந்தப் பேஸ்ட் போட்டார்கள், பேட் மாற்றினார்களா, என்ன தடிமன் என்றும் கேளுங்கள். மனம் நோகாமல் கேட்டால் பெரும்பாலோர் இலவசமாகவே திரும்பச் செய்து கொடுப்பார்கள்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பேசித் தீரவில்லை என்றால் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள மலேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபியூனல் துந்துத்தான் பெங்குனாவில், மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுவுக்கு 5 வெள்ளி கட்டணம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. ரசீது, கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியது, தேதி தெரியும் சென்சார் படங்கள், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.